தங்கச்சிமடத்துக்கு வராத அப்டேட்

பெரிய அப்டேட் ஒன்று போட்ட பிறகு என் போனில் டேட்டா அடிக்கடி அறுந்துபோனது. அதைச் சரிசெய்யும் சின்ன அப்டேட் வெளியாகிவிட்டது என்று கம்பெனி தளத்திலேயே போட்டிருந்தார்கள். எனக்கு மட்டும் வரவில்லை. கஸ்டமர் கேரில் பேசும் ஆள் மாறினாரே தவிர பதில் மாறவில்லை: "ரீசெட் பண்ணிப் பாருங்க சார்." எங்கள் தங்கச்சிமடத்திலிருந்து பாம்பன் பாலம் தாண்டி ராமநாதபுரம் சர்வீஸ் சென்டருக்குப் போனால் அங்கேயும் அதே பாட்டு.

அப்டேட்டை முதலில் கொஞ்சம் பேருக்கு விட்டு, கோளாறு இல்லை என்றால்தான் மற்றவர்களுக்கு விடுவார்கள். நியாயம்தான். அதைச் சொல்லித் தொலைக்கலாமே!

செட்டிங்ஸில் 'அபௌட் போன்' பக்கத்தில் மாடல் எண்ணையும், போனில் இருக்கும் மென்பொருள் எந்தப் பதிப்பு என்று காட்டும் பில்ட் எண்ணையும் குறித்துக்கொண்டேன். அதே மாடலுக்கான முழு அப்டேட் கோப்பை கம்பெனி தளத்திலிருந்தே இறக்கினேன். வேறு தளங்கள் வேண்டவே வேண்டாம். கோப்பு சில ஜிபி வரும் என்பதால் மச்சான் வீட்டு வைஃபை உதவியது. படங்களை பேக்கப் எடுத்து, சார்ஜை நிரப்பி, அப்டேட் பக்கத்து மெனுவில் 'லோக்கல் இன்ஸ்டால்' (இறக்கி வைத்த கோப்பிலிருந்தே அப்டேட் போடுவது) கொடுத்தேன். டேட்டா சரியாகிவிட்டது. எல்லா போனிலும் இந்த வசதி கிடையாது.

இதற்கு முன்பே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பில்லோடு புகார் பதிந்திருந்தேன். அப்புறம்தான் கம்பெனியிலிருந்து அழைப்பு: "அப்டேட் வந்துடுச்சே சார், புகாரை முடிச்சிடலாமா?" நானே போட்டுக்கொண்டதை அவர்கள் கணக்கில் எழுதிக்கொண்டார்கள்.