மணியார்டர் அனுப்பப் போகிறீர்களா? கவுண்டருக்கு வரும் முன் இதைப் படியுங்கள்

மணியார்டரை நிறுத்தியே விட்டார்கள் என்று 2015-இல் ஒரு பேச்சு கிளம்பியது. இன்றைக்கும் அதை நம்புகிறவர்கள் உண்டு. நின்றது, தாளாகவே ஊர் ஊராகப் போன பழைய மணியார்டர் மட்டும்தான். 1880-இல் தொடங்கிய சேவை இப்போது இ-மணியார்டராக ஓடிக்கொண்டிருக்கிறது. கோவில்பட்டிப் பக்கம் தபால் ஆபீஸ் கவுண்டரில் மணியார்டர் பாரம் (படிவம்) வாங்கிப் போட்டே ஓய்வு பெற்றவள் நான். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

முதலில் இது உங்களுக்குத் தேவையா என்று பாருங்கள். வாங்குகிறவருக்குப் பேங்க் கணக்கு இருந்தால் மணியார்டர் வீண் செலவு. கமிஷன் நூற்றுக்கு ஐந்து ரூபாய்; போனில் அனுப்பினால் அதுவும் மிச்சம். ஏ.டி.எம். பக்கமே போகாத ஆச்சிக்கு வீட்டு வாசலில் பணம் எண்ணிக் கொடுக்க வேண்டும், சிறையில் இருப்பவருக்கு அனுப்ப வேண்டும், கொடுத்ததற்கு அரசாங்க ரசீது வேண்டும் என்றால் மணியார்டர்தான்.

கமிஷன் கணக்கு இப்படி: ஒவ்வொரு 20 ரூபாய்க்கும் ஒரு ரூபாய். 20-க்குக் குறைந்த மிச்சம் இருந்தால் அதற்கும் முழு ஒரு ரூபாய். 500-க்கு 25. மொய் என்று 501 எழுதினால் 26. அந்த ஒற்றை ரூபாய்க்கு இன்னொரு ரூபாய் தண்டம்! ஆனாலும் மொய்யை 500 என்று எழுத நம் ஆட்களுக்கு மனசு வராது, நானும் வற்புறுத்தியதில்லை. ஒரு பாரத்தில் 5,000 ரூபாய் வரைதான் அனுப்பலாம். 12,000 அனுப்ப வேண்டுமென்றால் மூன்று பாரம்: 5,000, 5,000, 2,000. மொத்தக் கமிஷன் 600. பைசா எழுதாதீர்கள், முழு ரூபாய்தான்.

பாரத்தில் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுத வேண்டும். அதில் யாரும் தவறுவதில்லை. முகவரியில்தான் எல்லாக் கோளாறும். நீங்கள் எழுதிய பாரம் எங்கள் ஆபீசோடு நின்றுவிடும். கம்ப்யூட்டரில் ஏறிய விவரம்தான் அந்த ஊருக்குப் போகிறது. அங்கே அதை அச்சடித்து எடுத்துக்கொண்டுதான் போஸ்ட்மேன் வருவார். மேலத்தெருவில் நாலு மாரியம்மாள் இருப்பார்கள். க/பெ, த/பெ போடாமல் விட்டால் அவர் யாரைத் தேடுவார்? பின்கோடு மட்டும் போதும் என்றும் நினைக்காதீர்கள். ஒரு சப் ஆபீசுக்குக் கீழே உள்ள பல கிராமத்துக் கிளை ஆபீசுகளுக்கும் ஒரே பின்கோடுதான் இருக்கும். கிளைத் தபால் ஆபீஸ் இருக்கும் ஊரின் பெயரைக் கட்டாயம் எழுதுங்கள். செல் நம்பரும் எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ரசீதைக் கையில் வாங்கியதும் பெயர், ஊர், தொகை மூன்றையும் அங்கேயே நின்று படியுங்கள். பின்னால் நிற்பவர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

சிறைக்கு அனுப்பினால் கைதி எண்ணும் சிறையின் பெயரும் இல்லாமல் அனுப்பாதீர்கள். பணத்தை அவர் கையில் கொடுக்கமாட்டார்கள்; சிறையில் அவர் கணக்கில் வரவு வைப்பார்கள்.

வாடகை விஷயம் கொஞ்சம் விவரமானது. காலி பண்ணச் சொல்லிச் சண்டை வந்தால், சில வீட்டுக்காரர்கள் வாடகையை வாங்கவே மாட்டார்கள். பிறகு ‘வாடகை பாக்கி’ என்று வழக்குப் போடுவார்கள். தமிழ்நாட்டின் 1960-ஆம் வருஷத்து வாடகைச் சட்டத்திலேயே இதற்கு வழி இருந்தது: வீட்டுக்காரர் வாங்க மறுத்து, எந்த பேங்கில் கட்டுவது என்றும் சொல்லாவிட்டால், கமிஷனைக் கழித்துக்கொண்டு மீதியை மணியார்டரில் அனுப்பலாம். 2019-இல் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதனால் கழிப்பதற்கு முன்னால் ஒரு வக்கீலிடம் கேட்டுவிடுங்கள். என் யோசனை, முழுத் தொகையும் அனுப்பிவிடுவதுதான். கமிஷனுக்காக ஒரு வழக்கைப் பலவீனமாக்க வேண்டாம். இன்னொன்று: இ-மணியார்டரில் இஷ்டத்துக்குச் சேதி எழுத முடியாது. வாழ்த்து, நலம் என்று தயாராக உள்ள சேதிகளில் ஒன்றின் எண்ணைத்தான் குறிக்கலாம். ஆகவே எந்த மாதத்து வாடகை என்பதைத் தனியாக ஸ்பீடு போஸ்ட்டில் எழுதி அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். பணம் மறுக்கப்பட்டுத் திரும்பினால், திரும்பிய காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நோட்டு கைக்கு வந்த சந்தோஷத்தில் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வாங்குகிறவருக்கு நீங்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டியது: பணத்தை எண்ணிப் பார்த்த பிறகே கையெழுத்து. கைநாட்டு என்றால், எழுதத் தெரிந்த ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். பெரிய தொகையாக இருந்தால் கிளை ஆபீசில் அன்றைக்குக் காசு இருக்காது, சப் ஆபீசிலிருந்து வர வேண்டும். ஒன்றிரண்டு நாள் பொறுக்கச் சொல்லுங்கள். ஆள் ஊரில் இல்லாவிட்டால் சில நாள் வைத்திருந்து பார்த்துவிட்டு உங்களுக்கே திருப்பிவிடுவார்கள். அசல் வரும், கமிஷன் வராது.

பணம் போய்ச் சேரும் முன்னால் மனம் மாறினாலோ, முகவரி தப்பென்று தெரிந்தாலோ, அனுப்பிய ஆபீசில் எழுதிக் கொடுத்து மாற்றலாம். அதற்கும் ரசீது வேண்டும். அதில் உள்ள 18 இலக்க எண்ணைப் போட்டு இந்திய அஞ்சல் துறை இணையதளத்தில், பணம் எங்கே நிற்கிறது என்றும் பார்க்கலாம். கவுண்டரை விட்டு நகரும் முன்பே ரசீதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், அச்சு சீக்கிரம் மங்கிவிடும்.