தெருவுக்குள் முதியோருக்குத் துணையாக ஒரு குழு: தொடங்குவது எப்படி?

நங்கநல்லூரில் எங்கள் தெருவில் பெரியவர்கள் தனியாக இருக்கும் வீடுகள் அதிகம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கரண்ட் போய், மோட்டார் ஓடாமல், மேல்தொட்டி காலியானது. எதிர்வீட்டு டீச்சரம்மா மாத்திரை விழுங்கத் தண்ணீர் இல்லாமல் இருந்தது எங்களுக்கு மறுநாள் மாலைதான் தெரிந்தது. நடுவில் இருப்பது பத்தடி ரோடு. அந்த வாரமே குழு தொடங்கிவிட்டோம்.

பாஸ்டன் நகரின் பீக்கன் ஹில் பகுதியில் 2002 முதல் இப்படி ஒன்று நடக்கிறது. முதியோர் இல்லத்துக்குப் போகாமல் சொந்த வீட்டிலேயே இருக்க விரும்புகிறவர்கள் ஆண்டுச் சந்தா கட்டி உறுப்பினராகிறார்கள். போன் போட்டால் துணைக்கு ஆளும், நம்பகமான வேலையாட்களும் கிடைக்கும். அங்கே அதை 'வில்லேஜ்' என்கிறார்கள்.

1. எல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு ஐந்து நிமிடத்தில் போய்ச் சேரும் வீடுகள் மட்டும். எங்களுக்கு 22 வீடுகள்.

2. வீடு வீடாகப் பேசுவது. "என்ன உதவி வேணும் மாமி?" என்று கேட்டால், "ஒண்ணும் வேண்டாம்மா" என்றுதான் பதில் வரும். "போன மாசம் எதுக்கெல்லாம் பையனுக்குப் போன் போட்டீங்க?" என்று கேளுங்கள். சிலிண்டர் மாற்ற, ட்யூப்லைட் மாட்ட, ஸ்கேன் எடுக்கத் துணைக்கு வர என்று பட்டியல் தானாக வரும். அவர்களால் என்ன தர முடியும் என்பதையும் அப்போதே எழுதிக்கொள்ளுங்கள். டீச்சரம்மா இரண்டு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறார். அதற்கு அப்புறம்தான் எங்களிடம் தயங்காமல் உதவி கேட்க ஆரம்பித்தார்.

எழுதுவதற்குக் கோடு போட்ட நீள நோட்டுதான் என் தேர்வு. ஆப் எதுவும் வேண்டாம். 78 வயதுக்காரர் தானே புரட்டிப் பார்க்க வேண்டும்.

3. சந்தா. வீட்டுக்கு மாதம் 200 ரூபாய். கணக்கு நோட்டை மாதாமாதம் எல்லோரும் பார்க்கிறார்கள். சங்கமாகப் பதிவு செய்ய, தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி குறைந்தது 7 பேர் வேண்டும்.

4. காலை அழைப்பு. 7 மணிக்கு ஒருவர் மூன்று வீடுகளுக்குப் போன் போடுவார். வாட்ஸ்அப் குட்மார்னிங்கை நம்பாதீர்கள். குரலைக் கேட்டால்தான் உடம்பு எப்படி இருக்கிறது என்று தெரியும். எடுக்கவில்லை என்றால் பத்து நிமிடத்தில் மறுபடி. அப்போதும் எடுக்காவிட்டால் சாவியோடு நேரில்.

5. சாவி. நான் தவறியது இங்கேதான்.

பின்வீட்டு மாமி ஒரு செவ்வாய்க்கிழமை போனை எடுக்கவில்லை. மாற்றுச் சாவியோடு ஓடினேன். கிரில் திறந்தது, மரக்கதவின் பூட்டும் திறந்தது, கதவு மட்டும் அசையவில்லை. உள்ளே மேல்தாழ்ப்பாள் போட்டிருந்தார். "விழுந்துட்டேம்மா" என்று குளியலறையிலிருந்து குரல் மட்டும் வருகிறது. ஆசாரி வந்து கதவைப் பெயர்க்க ஐம்பது நிமிடம் ஆனது. குளியலறைக் கதவோ உள்பக்கமாகத் திறப்பது; மாமியின் கால் அதில் முட்டிக்கொண்டிருந்தது. இடுப்பெலும்பு முறிவு. இப்போது வாக்கரில் நடக்கிறார். அந்த ஐம்பது நிமிடம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

சாவியை வாங்கி வைத்தால் போதும் என்று நினைத்திருந்தேன். போதாது. பெரியவரை இரவில் பூட்டுகிற மாதிரியே உள்ளிருந்து பூட்டச் சொல்லி, நீங்கள் வெளியிலிருந்து திறந்து பாருங்கள். நாங்கள் அப்படிப் பார்த்ததில் ஒன்பது வீடுகள் திறக்கவில்லை. சிலவற்றில் தாழ்ப்பாள். சிலவற்றில் உள்ளே சாவியைப் பூட்டிலேயே விட்டிருந்தார்கள், வெளிச்சாவி நுழையவில்லை.

வெளியிலிருந்து சாவி போட்டுத் திறக்கும் நைட் லாட்ச் மாட்டி, தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள். திருடர் பயம் இருந்தால் கதவுச் செயின் போதும், அவசரத்தில் அறுத்துவிடலாம். குளியலறைக் கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றச் சொல்லுங்கள். உள்ளே தாழ் வேண்டாம். ஆள் இருப்பதற்கு அடையாளமாகக் கைப்பிடியில் துண்டைத் தொங்கவிட்டால் சரி.

சாவியில் பெயரோ கதவு எண்ணோ எழுதக் கூடாது. நாங்கள் நெயில் பாலிஷால் எண் போட்டிருக்கிறோம். எந்த எண் எந்த வீடு என்ற பட்டியல் வேறொருவர் வீட்டில் இருக்கிறது. உள்ளே போகும்போது எப்போதும் இரண்டு பேர். போய் வந்ததும் நோட்டில் கையெழுத்து.

விழுந்தவரைப் பதற்றத்தில் தூக்கி உட்கார வைக்காதீர்கள். முதலில் 108.

6. ஃப்ரிட்ஜ் தாள். போடும் மாத்திரைகள், ஒவ்வாமை, டாக்டர், பிள்ளைகளின் எண் எல்லாம் பெரிய எழுத்தில். கூடவே முதியோர் உதவி எண் 14567. அது காலை 8 முதல் இரவு 8 வரைதான், நள்ளிரவில் அதை நம்பக் கூடாது.

அலைச்சலைக் குறைக்கும் சில வசதிகளையும் அதிலேயே எழுதினோம். மத்திய அரசு ஓய்வூதியக்காரர்களின் உயிர்வாழ் சான்றிதழை நவம்பரில் தபால்காரர் வீட்டுக்கே வந்து கைரேகை வைத்து எடுத்துத் தருவார். 80 வயதானவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். 70 வயதைக் கடந்தவர்களுக்கு வீடு தேடிச் சேவை தர வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி 2017-இலேயே சொல்லியிருக்கிறது. பி.பி., சர்க்கரை மாத்திரைக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயர் கொடுங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு இரண்டு பேர் கேட்டார்கள். அபார்ட்மென்ட்டில் வாட்ச்மேனிடம் சாவி கொடுக்கலாமா? வேண்டாம், ஆள் அடிக்கடி மாறுவார். அதே மாடியில் இருப்பவரிடம் கொடுங்கள்.

இன்னொருவரின் அப்பாவுக்குக் காது மந்தம், போன் மணி கேட்காது. எங்கள் தெருவிலும் அப்படி ஒரு சார் இருக்கிறார். அவர் வீட்டுக்கு நாங்கள் போன் போடுவதே இல்லை. கிரில்லில் தொங்கும் பால் பையைத்தான் பார்க்கிறோம். ஆறரைக்கெல்லாம் எடுத்துவிடுவார். 7 மணிக்கும் பாக்கெட் பையிலேயே இருந்தால் 14-ஆம் எண் சாவியை எடுத்துக்கொண்டு இரண்டு பேர் கிளம்பிவிடுவோம்.