கால்கள் நெளிந்த உப்புக்கொத்திகள்

மலேசியாவின் பினாங்கு பெருநிலத்தில் உள்ள தெலுக் ஆயர் தாவார் சேற்றுவெளியில், தொலைவிலுள்ளதை எடுக்க உதவும் 600 மி.மீ. லென்ஸால் நான் எடுத்த உப்புக்கொத்தி என்னும் கரைப்பறவையின் படங்கள் பல நாள்களாக மங்கலாகவே வந்தன. ஷட்டர் வேகத்தை 1/3200 நொடி வரை உயர்த்தியும், முக்காலியில் பொருத்தியும் பயனில்லை. லென்ஸைச் சோதித்த கடைக்காரரும் குறையேதுமில்லை என்றார். தொடர்ச்சியாக எடுத்த படங்களைப் பெரிதாக்கி ஒப்பிட்டபோதுதான், அசையாமல் நின்ற பறவையின் கால்கள் ஒரு படத்தில் இடப்புறமும் அடுத்ததில் வலப்புறமும் நெளிந்திருந்ததைக் கண்டேன். கைநடுக்கம் இப்படி நெளிக்காது. வெயிலில் சூடேறிய சேற்றின்மேல் அலையும் காற்றே காரணம். எனவே, அதிகாலையில் கடல் ஏற்றம் உச்சமடையும் நாளை அலை அட்டவணையில் பார்த்துச் சென்றேன். சேறு மூழ்கியதும் பறவைகள் தாமாகவே கரையோரம், என் அருகே ஒதுங்கின; வெயில் ஏறாததால் காற்றும் அலையவில்லை. அதே லென்ஸில் இறகு நுனிகூடத் துல்லியமாகப் பதிந்ததில் பெரும் நிம்மதி. இப்போதெல்லாம் 9 மணிக்கு மேல் கேமராவைப் பையில் வைத்துவிடுகிறேன்.