மிளகாய் நறுக்கிய கை எரிகிறதா?

பச்சை மிளகாய் நறுக்கிய கையைக் குழாயடியில் எவ்வளவு நேரம் காட்டினாலும் எரிச்சல் அடங்காது. காரத்துக்குக் காரணமான கேப்சைசின் தண்ணீரில் கரைவதில்லை, எண்ணெயில் கரையும். எனவே முதலில் ஈரமில்லாத கையில் ஒரு கரண்டி நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ விட்டு நன்றாகத் தேய்த்து, பிறகு பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நகக்கண்ணை மறந்துவிடாதீர்கள். எனக்கு அது கண்ணைக் கசக்கிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

வாய் எரிந்தால் தண்ணீரைவிடப் பாலும் தயிரும் மேல். பாலில் உள்ள கேசீன் என்ற புரதம் கேப்சைசினைப் பற்றிக்கொண்டு நாக்கை விட்டு விலக்குகிறது. உண்மையில் நாக்கு வெந்துபோவதில்லை. சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டை உணர்கிற நரம்பு முனைகளையே கேப்சைசின் தூண்டுவதால், மூளை ‘சுடுகிறது’ என்று ஏமாந்துபோகிறது.

காரத்தைக் குறைக்க விதையைத் தட்டி எடுப்பதோடு நிறுத்தாதீர்கள். கேப்சைசின் உருவாகும் இடம் விதை அல்ல. விதைகள் ஒட்டியிருக்கும் வெளிர் நிறச் சதைதான். கத்தி முனையால் அதைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். மோர் மிளகாய்க்கு மட்டும் வேண்டாம். காரமில்லாத மோர் மிளகாயை யார் கேட்டார்கள்?