நேட்டாலுக்குப் போன தாத்தாவைத் தேடுவது எப்படி?

"பாட்டனாருக்கு அண்ணன் ஒருத்தர், கப்பலேறி நேட்டாலுக்குப் போனார். அப்புறம் ஒரு தகவலும் இல்லை." இப்படி ஒரு பேச்சு உங்கள் வீட்டில் உண்டா? அப்படியானால் அவரைத் தேடிப் பார்க்கலாம். நேட்டால் என்பது இன்றைய தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள பகுதி, டர்பன் அதன் துறைமுகம். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் டர்பனில் போய் நின்றது. அன்று முதல் 1911 வரை நேட்டாலில் இறங்கிய ஒப்பந்தக் கூலிகள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்துப் பட்டியலில் எழுதி வைத்திருக்கிறார்கள். (கங்காணி, அதாவது ஆள் சேர்த்துக் கூட்டிப்போகும் மேஸ்திரி, வழியாக இலங்கைக்கோ மலேயாவுக்கோ போனவர்களைத் தேட இந்த வழி பொருந்தாது.)

படி 1: வீட்டில் கேளுங்கள்

எல்லோரும் பெயரை வைத்துத்தான் தேடத் தொடங்குகிறார்கள், அங்கேயே சிக்கிக்கொள்கிறார்கள். பட்டியல் நெடுக முனுசாமிகள்தான். அதனால் அவருடைய அப்பா பெயர், ஊர், கூடப் போனவர்கள், குலதெய்வம் ஆகியவற்றை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். வருஷம் தெரியாவிட்டால், "தாது வருஷப் பஞ்சத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேளுங்கள். அது 1876–78. 1866-க்கும் 1874-க்கும் இடையில் நேட்டாலுக்கு ஆள் அனுப்புவதே நின்றிருந்தது, ஆகவே இடைப்பட்ட வருஷங்களைத் தாண்டிவிடலாம்.

படி 2: ஊரைப் பழைய எழுத்தில் எழுதிப் பாருங்கள்

வந்தவாசி அந்தக் காலத்து ஆங்கிலத்தில் 'வாண்டிவாஷ்', தஞ்சாவூர் 'டான்ஜோர்'. ஜில்லாவும் மாறியிருக்கும். இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள வந்தவாசி அன்று வட ஆர்க்காட்டில் இருந்தது. வட ஆர்க்காட்டின் தலைநகரோ சித்தூர். பட்டியலில் சித்தூர் என்று கண்டதும் 'நம்ம ஆள் இல்லை' என்று தள்ளிவிடாதீர்கள்.

படி 3: கப்பல் பட்டியல்

டர்பனில் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் ஆவண மையத்தில் இந்தப் பட்டியல்கள் இருக்கின்றன. கணினியில் ஏற்றிய வடிவமும் உண்டு. ஒரு வரியில் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பிலுள்ள அடையாளம், வேலைக்கு எடுத்த முதலாளி என்று பல கட்டங்கள் இருக்கும். கிராமத்தையும் தகப்பன் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள்.

குமாஸ்தா தன் காதில் விழுந்தபடி எழுதியதால், முனுசாமியின் உகரம் ஆங்கிலத்தில் இரட்டை 'ஓ' (oo) ஆகி 'மூன்சாமி' என்று நிற்கும். வாய்விட்டுப் படித்தால் பெயர் பிடிபடும். சாதிக் கட்டத்தை மட்டும் நான் முழுசாக நம்புவதில்லை. கப்பலில் ஏறுவதற்காகச் சாதியை மாற்றிச் சொன்னவர்களும் உண்டு.

ஆள் கிடைத்ததும் அவருக்கு முன்னும் பின்னும் உள்ள பத்து எண்களைக் கட்டாயம் பாருங்கள். ஒரே ஊர்க்காரர்களும் உறவினர்களும் அடுத்தடுத்து நிற்பார்கள். வீட்டில் சொன்ன 'கூடப் போனவர்' அங்கே இருந்தால், பாதிச் சந்தேகம் தீர்ந்தது.

படி 4: எண்ணைப் பிடித்துப் போங்கள்

பெயர் எப்படித் திரிந்தாலும் இந்த எண் மாறாது, பிற்காலக் காகிதங்களிலும் கூடவே வரும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் இறந்தவர்களின் சொத்துக் கோப்புகள் உள்ளன. அவற்றிலுள்ள இறப்பு அறிவிப்பில் பெற்றோர், மனைவி, பிள்ளைகள் பெயர் வரும்.

இன்னொன்று, அங்கே தாத்தாவின் சொந்தப் பெயரே பேரப்பிள்ளைகளின் குடும்பப் பெயராக நின்றுவிடுவது வழக்கம். 'முதலி' என்ற பட்டம் 'மூட்லி' ஆகியிருக்கும். இன்றைய வாரிசுகளைத் தேடும்போது இதை மறக்காதீர்கள்.

படி 5: உறுதி செய்யுங்கள்

தகப்பன் பெயர், ஊர், வயது மூன்றும் பொருந்தாமல் 'இவர்தான்' என்று முடிவுகட்ட வேண்டாம். இன்னொரு வீட்டுத் தாத்தாவை நாம் எடுத்துக்கொண்டால், அந்த வீட்டார் தேடி வரும்போது வழி தவறிப்போகும்.

வாரிசுகள் கிடைத்துவிட்டால், முதல் கடிதத்திலேயே ஊர்ப் பெயரையும் குலதெய்வத்தின் பெயரையும் எழுதுங்கள், கோயில் படமும் ஒன்று வையுங்கள். தமிழ் மறந்த வீட்டிலும் அந்தச் சாமி பெயரைச் சொல்லித்தான் விளக்கேற்றிக்கொண்டிருப்பார்கள்.