'தி திங்' முதல்முறை பார்ப்பவர்களுக்கு

முதலில் ட்ரெய்லரைத் தொடாதீர்கள். ஜான் கார்பென்டரின் இந்த 1982 திகில் படத்துக்கு இருட்டறையும் ஹெட்போனும் போதும். இசையமைப்பாளர் என்னியோ மோரிக்கோனேவின் இசை இதயத் துடிப்பு மாதிரி மெதுவாக அடித்துக்கொண்டே இருக்கும், அது மொபைல் ஸ்பீக்கரில் கேட்கவே கேட்காது.

தொடக்கத்தில் ஒரு நார்வேக்காரர் நாயைச் சுட வந்து தன் மொழியில் கத்துவார். அதற்கு அர்த்தம் தேடாதீர்கள், மொத்தக் கதையும் அதில் இருக்கிறது. அந்த நாயை மட்டும் கவனியுங்கள்: குரைக்காது, வாலாட்டாது, நடைபாதையில் அமைதியாக நடந்து ஒரு அறைக்குள் நுழையும், சுவரில் ஒரு மனிதரின் நிழல் திரும்பும், அவ்வளவுதான். ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் கலைஞர் ராப் பாட்டின் செய்த ரத்தக் களறியைவிட எனக்கு இந்த நிழல்தான் பயம்.

ரத்தப் பரிசோதனைக் காட்சியில் படத்தை நடுவில் நிறுத்தாதீர்கள், அந்தச் சூடான கம்பி ஒவ்வொரு தட்டாகத் தொடும்போது வரும் படபடப்பு போய்விடும்.

அப்புறம் இதே பெயரில் வந்த வீடியோ கேம். 2002இல் வந்தது, படம் முடிந்த இடத்துக்குப் பிறகு தொடங்கும். 2024இல் வந்த ரீமாஸ்டரையே விளையாடுங்கள். கூட வருபவர்களுக்கு உங்கள் மேல் நம்பிக்கை குறைந்தால் சொன்ன பேச்சைக் கேட்க மாட்டார்கள், அதனால் துப்பாக்கியும் குண்டும் கொடுத்து வையுங்கள். பழைய பதிப்பில் கூட வருபவர்களில் பலர் வேற்றுயிராக மாறும் இடம் முன்பே எழுதி வைத்தது, அது எனக்குப் பெரிய ஏமாற்றம். கதைக்காகப் படம், கூட இருப்பவனைச் சந்தேகிக்கும் அந்த அரிப்புக்காகக் கேம். இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.