ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸில் ரெஸ்பெக்ட் ஏற்றுவது எப்படி?

2004-ல் வந்த இந்த வீடியோ கேமில் ஹீரோ சிஜே கூப்பிட்டால் அவன் கேங்கில் எத்தனை பேர் பின்னால் வருவார்கள் என்பதை ரெஸ்பெக்ட் (மரியாதை அளவு) தான் தீர்மானிக்கிறது. 1% இருந்தால் 2 பேர், 10%-க்கு 3, 20%-க்கு 4, 40%-க்கு 5, 60%-க்கு 6, 80%-க்கு 7. அதற்கு மேல் யாரும் வர மாட்டார்கள். பிசியில் டேப் பட்டனை அழுத்தினால் அளவு தெரியும்.

பெரும்பங்கு மிஷன்களிலும் எதிரி கேங்கிடமிருந்து கைப்பற்றிய ஏரியாக்களிலும்தான் ஏறும். உடையும் உடற்கட்டும் கொஞ்சம் சேர்க்கும். அதற்காகக் கடை கடையாக அலைய வேண்டாம்.

ஆள் சேர்க்க, பச்சை உடை போட்ட க்ரோவ் ஸ்ட்ரீட் (சிஜேயின் கேங்) ஆளைக் குறிவைத்து ஜி பட்டனை அழுத்துங்கள். சுட்டுவிடாதீர்கள். சொந்த ஆளைக் கொன்றால் ரெஸ்பெக்ட் குறையும்.

அடுத்தது கேங் வார், அதாவது எதிரி கேங்கின் ஏரியாவைக் கைப்பற்றும் சண்டை. பலர் திணறுவது இங்கேதான்: எத்தனை பேரைச் சுட்டாலும் சண்டை தொடங்காது. முதலில் 'டோபர்மேன்' மிஷன் முடிந்திருக்க வேண்டும். மேப்பில் எதிரி கேங்குகளின் ஊதா (பல்லாஸ்) அல்லது மஞ்சள் (வாகோஸ்) நிறம் உள்ள இடத்துக்குள்ளேயே, காரை விட்டு இறங்கி, அந்த கேங்கின் 3 பேரை அடுத்தடுத்து வீழ்த்துங்கள். காரில் உட்கார்ந்தபடி சுட்டால் எத்தனை பேர் விழுந்தாலும் வார் வராது. 'க்ரீன் சேபர்' மிஷனுக்குப் பிறகு 'ஹோம் கமிங்' வரை கேங் வாரே கிடையாது. அந்த இடைவெளியில் முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம்.

எதிரிகள் 3 அலைகளாக வருவார்கள். ஒவ்வோர் அலைக்குப் பிறகும் ஹெல்த்தும் ஆர்மரும் (கவச உடை) கிடைக்கும். எடுக்காமல் அடுத்த அலைக்குப் போகாதீர்கள். ஏரியாவை விட்டு வெளியேறினால் எல்லாம் போச்சு. என் தேர்வு ஏகே-47 துப்பாக்கி, முதுகுக்குப் பின்னால் ஒரு சுவர். மொலடோவ் (பெட்ரோல் குண்டு) வேண்டாம், நம் ஆட்களும் சேர்ந்து எரிவார்கள்.

ஏகே-47 காசில்லாமல் வேண்டுமா? கேமில் வரும் லாஸ் சாண்டோஸ் நகரத்தில் எதிரி கேங்குகள் சுவரில் வரைந்த 100 டேக்குகளின் (கேங் அடையாளக் கிறுக்கல்) மேலும் ஸ்ப்ரே அடித்து முடியுங்கள். சிஜேயின் ஜான்சன் வீட்டில் அதுவும் டெக்-9 துப்பாக்கி, மொலடோவ், குட்டை ஷாட்கன் ஆகியவையும் காத்திருக்கும்.

பிற்சேர்க்கை: கடைசி மிஷனுக்கு மொத்த ஏரியாவும் தேவையா என்று பலர் கேட்டிருந்தார்கள். 35% போதும். ஆனால் நீங்கள் கைப்பற்றிய இடம் மேப்பில் சிவப்பாக மின்னினால் உடனே ஓடுங்கள். அங்கே தாக்க வந்திருக்கும் எதிரிகளைத் துரத்தாவிட்டால் அந்த இடம் கையை விட்டுப் போய்விடும்.